இருபத்து மூன்றாம் கதவு

கடவுச்சொல்லைக் கொடுத்தவள் நான்தான்.
வால்விஸ் பே முழுக்கத் தெரியும், மறைக்க என்ன இருக்கிறது.
போன ஜூனில், துறைமுகக் கிரேன்களை
மூடுபனி இடுப்புவரை விழுங்கியிருந்த ஒரு காலை,
தொலைபேசியில் ஒரு குரல், ஓஷிவாம்போவில், பணிவாக:
"மீமே ஹிலேனி, தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்.
மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?"

விட்டிருந்தது.
அதைக் கேட்க ஒருவன் இருந்தானே என்று
நெஞ்சு இளகிப் போயிற்று.
எட்டு எழுத்து, இரண்டு எண், ஓர் ஆச்சரியக்குறி.
கண் தெரியாதவர் கையில் சில்லறை எண்ணி வைப்பதுபோல்
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

மறுநாள் எல்லாத் திரையும் சிவப்பு.
மூன்றாம் குளிர்கிடங்கு
தன் வெப்பம் என்னவென்று யாருக்கும் சொல்லவில்லை.
நாற்பது டன் ஹேக் மீன்
மெல்ல மெல்ல மீனாக இருப்பதை விட்டுவிட்டது.

தண்டனையாகத்தான் வகுப்புக்கு அனுப்பினார்கள்.
செவ்வாய், வியாழன், மாலை ஆறு மணி. வேலை செய்யாத ஹீட்டர்.
என்னோடு இரண்டு சுங்க எழுத்தர்கள், ஒரு லாரிக் கணக்கர்.
முதல் பாடம்: எந்தச் செய்தியும் முழுதாகப் போவதில்லை.
துண்டுகளாக நறுக்கி
ஒவ்வொன்றின் முதுகிலும் அனுப்புநர், பெறுநர்,
எத்தனையாவது துண்டு என்று எழுதி விட்டுவிடுகிறார்கள்.
வெவ்வேறு வழியில் போய், அங்கே சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன.
ஒன்பது வருடம் மீன் வரிசையில் கத்தி பிடித்தவள் நான்.
நறுக்குவது புரிந்தது.
மீண்டும் மீனாவதுதான்
இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்தது.

ரௌட்டருக்கு ஊர் முழுக்கத் தெரியாது.
அடுத்த முக்கு மட்டும் தெரியும்.
அதைக் கைகாட்டிவிட்டு உன்னை மறந்துவிடும்.
குயிசெப்மண்டில் என் வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள்,
அதேதான் நடக்கும்.

பிறகு கைகுலுக்கல்.
"இருக்கிறாயா?"
"இருக்கிறேன். நான் பேசுவது கேட்கிறதா?"
"கேட்கிறது."
இது முடியாமல் ஒரு வகை வாய் திறக்காதாம்.
கேட்கிறதோ இல்லையோ, கொட்டிவிட்டுப் போகிற
இன்னொரு வகையும் உண்டு.
கணக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.
ஆனால் குலுக்கிய கை யாருடையது?
கையை உயர்த்திக் கேட்டேன்.
அதற்குச் சாவி வேண்டும், சான்றிதழ் வேண்டும்,
அது வியாழக்கிழமைப் பாடம் என்றார்கள்.

ஒரு கணினிக்கு
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து கதவுகள்.
ஐந்தாம் வார வீட்டுப்பாடம்:
வேலையிடத்தில் எவை திறந்திருக்கின்றன என்று
எழுத்தில் அனுமதி வாங்கித் தட்டிப் பாருங்கள்.
மேலாளர் ஸ்ட்ரைடம் படிக்காமலே கையெழுத்திட்டார்.

மூன்றாம் கிடங்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி.
இருபத்து மூன்றாம் கதவு
திறந்தே கிடந்தது.
உள்ளே பேசுவதை நடுவில் நிற்கும் எவனும் படிக்கலாம்.
பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
அமைத்த தேதி, பன்னிரண்டு வருடத்துக்கு முன்.
அந்தத் தேதியில் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பது
சுவரில் தொங்கும் பாராட்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது.

என் பதினொரு எழுத்து இல்லாமலும்
அவன் உள்ளே வந்திருக்க முடியும்.
வந்தானா?
தெரியாது.
இடத்தை அடைக்கிறதென்று பதிவேட்டை அணைத்து வைத்திருந்தார்கள்.
ஆகவே என் குற்றம் குறையவில்லை,
தனியாக இல்லை, அவ்வளவுதான்.

கதவை மூடினேன். அறிக்கையில் பெயர் எழுதவில்லை,
தேதி எழுதினேன்.
ஸ்ட்ரைடம் இப்போதெல்லாம்
என் தோளுக்கு வணக்கம் சொல்கிறார்.

திங்கட்கிழமை மீண்டும் மணி அடித்தது.
"மீமே ஹிலேனி, சம்பளப் பிரிவு, போனஸுக்கு
உங்கள் வங்கிக் கணக்கு எண் வேண்டும்."
வைத்துவிடுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு
நானே அழைக்கிறேன் என்றேன்.
அழைத்தேன்.
மாடியில் இருக்கும் யூசேபியாவேதான்.
ஏழு வருடப் பழக்கம், என் குரல் தெரியாதா உனக்கு என்றாள்.
தெரியும் என்றேன்.
மூன்று நாளாகிறது,
காபி அறையில் என் மேசைக்கு வருவதில்லை.