பதினைந்து கோப்பெக்

கராகண்டா, ஞாயிற்றுச் சந்தை. மைனஸ் பதினெட்டு.
நிலக்கரிப் புகை தாழ்ந்து வந்து
தொப்பிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
என் மேசை ஒரு பழைய கதவு,
அதன் மேல் சிவப்பு வெல்வெட்,
அதன் மேல் விண்வெளி.

முந்நூற்றுச் சொச்சம் பேட்ஜுகள்.
நாய்கள், கோளங்கள், புன்னகைக்கும் தலைக்கவசங்கள்,
நிலவைக் குத்தப் போகும் ராக்கெட்டுகள்.
வாங்குகிறவன் முகத்தைப் பார்ப்பான்.
நான் முதுகைப் பார்ப்பேன்.
ஆலையின் முத்திரை அங்கேதான் இருக்கும்,
விலையும் அங்கேதான்: 15 கோ.
மனிதன் வானத்துக்குப் போனதைச்
சட்டையில் குத்திக்கொள்ள
அன்றைக்கு ஆன செலவு.

எனாமலா பெயின்ட்டா என்று தெரியக்
கீழுதட்டில் வைத்துப் பார்ப்பேன்.
சூளையில் வெந்தது சில்லென்று தள்ளி நிற்கும்.
பெயின்ட் உடனே உறவாடும்.
(குளிர்காலத்தில் வேண்டாம்.
உதடு ஒட்டிக்கொண்டு ஒருமுறை
ஒரு விண்கலத்தைக் கவ்வியபடி
கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்,
தேநீர்க்காரி வந்து வெந்நீர் ஊற்றும் வரை.)

ஒராஸ்கான் பேட்ஜ் கொண்டுவரவில்லை.
மாவுப் பையிலிருந்து எடுத்து விரித்தார்.
ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு துணி,
ஓர் ஆள் படுக்கலாம்.
"மேலே போனவர்களை இறக்கிய குடை" என்றார்.

எல்லோரும் சொல்வதுதான்.
எந்தக் கூடாரம் கிழிந்தாலும்
இந்தச் சந்தைக்கு அது
விண்வெளி வழியாகத்தான் வந்து சேர்கிறது.

முகர்ந்தேன். ஒட்டக வாடை.
நெசவுக்குள் கட்டம் கட்டமாய்த் தடித்த இழை, அது சரி.
ஓரத்தில் நாடா, நாடாவில் மை கரைந்த எண்,
ஏழோ ஒன்றோ.
"அத்தாட்சி?"

"அன்று விடியற்காலையில் என் ஒட்டகம் ஈன்றது.
குட்டி பனியில் கிடந்து நடுங்கியது.
அப்பால் இது காற்றில் புடைத்துப் புரண்டுகொண்டிருந்தது.
சிப்பாய்கள் வரத் தாமதம்.
அறுத்தேன், போர்த்தினேன்.
குட்டிக்கு இப்போது பதினெட்டு வயது, எர்னா.
வேண்டுமானால் வந்து கேட்டுக்கொள்."

இருபது ஆண்டுகளில்
எத்தனையோ சான்றிதழ் பார்த்துவிட்டேன்,
கையெழுத்து, முத்திரை, மூன்று மொழி எல்லாம் இருந்தும்
இவ்வளவு நம்பும்படி ஒன்றும் இருந்ததில்லை.

"விலை சொல். எனக்கு இரண்டு பெண்கள்."

முழுத்துணிக்கு ஒரு விலை சொன்னேன்.
பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம்,
அதையும் சொன்னேன்:
நகம் அளவுக்கு நறுக்கி, அட்டையில் ஒட்டி,
அடியில் ஒரு வரி அச்சடித்தால்
நாற்பது மடங்கு கிடைக்கும்.
ஜெர்மனியில் வாங்குகிறார்கள். ஜப்பானிலும்.

மூச்சுப் புகை மூன்று நான்கு முறை
வந்து கலைந்தது.
"ஆட்டை அறுத்தால்
தலை பெரிய விருந்தாளிக்கு,
நெஞ்செலும்பு மருமகனுக்கு,
காது பிள்ளைகளுக்கு.
யாருக்கு எது என்று தெரியாமல்
நாங்கள் கத்தி எடுப்பதில்லை."

மடித்தார். நாலாக, எட்டாக,
நாளைக்கும் தேவைப்படும் போர்வையைப் போல.
என் கமிஷன் மாவுப் பைக்குள் போவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
வருத்தம்தான், மறைப்பானேன்.

போகவில்லை அவர்.
வெல்வெட்டிலிருந்து ஒன்றைப் பொறுக்கினார்,
காதில் எனாமல் உதிர்ந்த நாய்.
முகத்தைப் பார்த்தார். முதுகைத் திருப்பினார்.
எழுத்துக்கூட்டி விலையைப் படித்தார்.
கோட்டின் உள்பையைத் துழாவி
என் முன்னால் ஒரு காசு வைத்தார்.
பதினைந்து கோப்பெக்.
அடித்த நாடு போய்விட்டது,
கோதுமைக் கதிர்கள் தேயாமல் நிற்கின்றன.

நான்காயிரம் டெங்கே என்று
பெரிதாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.
அவருக்கும் கண் தெரியும்.

நாணயத்தை எடுத்தேன்.
முகம், முதுகு, விளிம்பு.
பழக்க தோஷம், கீழுதடு வரை கொண்டுபோய்
நிறுத்திக்கொண்டேன்.

"சரியான சில்லறை" என்றேன்.