பொருள் வந்த வழி

படிவத்தின் நாலாவது கட்டம்
தொழிலின் தன்மை கேட்டது.
காயலான் கடை என்று எழுதினேன்.
அப்படி ஒரு தலைப்பே இல்லையாம்.
'உலோகக் கழிவு மறுசுழற்சி' என்று திருத்தி
என் பேனாவைத் தன் சட்டையில் செருகிக்கொண்டார்
நகராட்சி எழுத்தர்.

பெயர்: பல்கீஸ் பீவி.
இடம்: திருத்துறைப்பூண்டி, முள்ளியாற்றுப் பாலம் தாண்டி
பழைய அரிசி மில்லின் பின்சுவர்.
குதிரைத்திறன் எத்தனை?
எல்லாம் கையால் தூக்குவது, என்னத்தைப் போட?
உரிமம் காதர் மஸ்தான் பேரில் இருந்தது.
அவர் மவுத்தான பிறகு பெயர் மாற்றத்துக்கு
வாரிசுச் சான்று, தீயணைப்புச் சான்று, சொத்துவரி ரசீது,
திருவாரூருக்கு மூன்று நடை,
தராசுக்கு முத்திரை.
முத்திரை போட வந்தவர்
தன் சைக்கிளை ஏற்றி எடை பார்த்துவிட்டு
விற்காமல் ஓட்டிப் போனார்.

காவல் நிலையம் கேட்டது வேறு.
ஒரு நோட்டு வை.
யார் கொடுத்தது, எந்த ஊர், எத்தனை கிலோ,
ஆதார் நகல், கையெழுத்து,
கடைசிக் கட்டம்: பொருள் வந்த வழி.

வைத்தேன். இது ஐந்தாவது நோட்டு.
மேட்டூர் நேரத்துக்குத் திறக்காத வருஷத்தில்
பக்கம் பக்கமாகக் கருகிய மோட்டார்.
உப்பரித்த போர்க் குழாய்கள்
கடலோரத்திலிருந்து மேலே ஏறி வருவதை
முகவரியிலேயே பார்க்கலாம்:
முதலில் தொண்டியக்காடு,
பிறகு இடும்பாவனம்,
போன வருஷம் எடையூர்.
கஜாவுக்குப் பிந்திய கார்த்திகையில்
தகரம், தகரம், தகரம்.
பொருள் வந்த வழி: காற்று
என்றுதான் எழுதினேன்.
சிவப்பு மையில் சுழித்து
"என்னம்மா, கேலியா?" என்றார் உதவி ஆய்வாளர்.

சித்திரையில் ஒருவன் செம்பு கொண்டுவந்தான்.
ஆறு கிலோ, தீயில் சுட்டு உரித்தது,
சாக்கு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
பேர் கேட்டேன்.
அவன் யோசித்து முடிப்பதற்குள்
வேதாரண்யம் பஸ் பாலத்தில் ஏறி இறங்கிவிட்டது.
வேண்டாம் என்றேன்.
ரயிலடிக் கடையில் நோட்டு கிடையாது,
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட.

மறுநாள் வந்தார் தட்சணாமூர்த்தி,
மோட்டாரின் வெறுங்கூட்டை
இரும்பு விலைக்குப் போட.
முப்பத்தொரு கிலோ.
பொருள் வந்த வழி: சொந்தம்.
உள்ளே இருந்தது போன வழிக்கு
அந்த நோட்டில் கட்டம் இல்லை.

என் விண்ணப்பம் வரவே இல்லை என்று
இரண்டு வருஷமாகச் சொல்கிறது அலுவலகம்.

இந்த வியாழன் அலுவலகமே வந்தது,
ஏலத்தில் எடுத்த கழிவாக, குட்டியானையில்:
பீரோ இரண்டு, ஓடாத மின்விசிறி,
கால் போன நாற்காலி பதினொன்று.
ஒரு பீரோவுக்குச் சாவி இல்லை.
கடப்பாரை போட்டு நெம்பினோம்.
கரையான் தின்றது போக மிஞ்சிய கட்டுகளில்
மேலிருந்து மூன்றாவது
என் கையெழுத்து.
நாலாவது கட்டத்தில் எழுத்தரின் திருத்தம்,
ஒட்டிய வில்லை
ஒட்டியபடி.

கூட வந்த பியூன் இளஞ்சேரனிடம்
ஆதார் நகல் கேட்டேன்.
சிரித்தார்.
"ஆபீஸ் சாமான்ம்மா இது."
"வித்தது யாரு?"
"சர்க்காரு."
"அவருக்கு அட்டை இருக்கா?"
தலையைச் சொறிந்துகொண்டு
கடைசியில் தன்னுடையதை எடுத்தார்.

இரும்பு தொண்ணூற்று நாலு கிலோ.
காகிதம் ஆறரை, ஒரு கட்டு நீங்கலாக.
அந்த ஒரு கட்டைத் தனி வரியில் ஏற்றினேன்.
எடை: போடவில்லை.
பொருள் வந்த வழி: நான் கொடுத்தது.

நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
படிக்காமலே கையெழுத்துப் போட்டார் இளஞ்சேரன்.
மற்ற காகிதமெல்லாம் நமுத்திருந்தது.
சாயங்காலம் லாரி வருவதற்குள் காய வேண்டுமே என்று
வெயிலில் பரப்பி
ஒவ்வொரு கட்டின் மேலும்
ஒரு மோட்டார் மூடியை வைத்தேன்.