வரைவு, மூன்றாவது முறை

ராதிம், ஸ்தென்கா,
ஏழு நாள், ஒரு திருவிழா, ஒரு ஓநாய்
என்று எழுதியிருக்கிறீர்கள்,
கறிக்கடையில் அரைக் கிலோ சொல்வதுபோல.
கோண்டாரில் மின்சாரம் இல்லை.
மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன்,
கணக்கு மட்டும் செல்போன் வெளிச்சத்தில்.

முதலில் கடிகாரம்.
எங்கள் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை.
சூரியன் வந்து ஒரு மணி நேரம் ஆனால்தான் ஒரு மணி.
உங்கள் காலை ஏழு, எங்கள் ஒன்று.
போன வருடம் ஒரு குடும்பத்திடம்
'ஒரு மணிக்கு வண்டி' என்று சொல்லித் தொலைத்தேன்.
குளித்து, மதியச் சாப்பாடும் முடித்து
சிரித்துக்கொண்டே வந்தார்கள்.
காலையிலிருந்து காத்திருந்த கெப்ரு
ஒன்பது கோப்பை காபி குடித்திருந்தான்.
அன்று மலைப்பாதை முழுக்க
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

திம்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியாது, ஸ்தென்கா.
விமானத்தை மாற்றுங்கள்.
பட்டுக்குள் மூடிய பேழைப் பலகையைத்
தலையில் ஏந்திப் பாதிரிமார் வருவார்கள்.
உள்ளே என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்,
நானும் பட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.
இரவெல்லாம் குளத்தங்கரையில் விழித்திருப்போம்.
விடியலில் நீரை ஆசீர்வதித்த அடுத்த நொடி
மரக்கிளைகளில் தொங்கும் பையன்கள் குதிப்பார்கள்.
கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.
பாஸ்போர்ட்டையும்.

புதன், வெள்ளி விரத நாள்.
இஞ்சேராவும் பருப்பும். முட்டை கிடையாது.
ராதிம் அதற்கு ஒப்புக்கொண்டதாக
எழுத்தில் வேண்டும்.

மூன்றாம் நாள் தேபார்க், அங்கிருந்து மேலே.
ஜெலாடாக் குரங்குகள்: இதற்கு நான் உத்தரவாதம்.
முந்நூறு இருக்கும்.
களை பறிக்கும் பெண்களைப்போல
உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர்ந்து நகர்ந்து
புல் கிள்ளித் தின்னும்.
உங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காது.
காவலுக்கு அடானே வருவார்.
தோளில் துப்பாக்கி;
அது வெடித்து நான் கேட்டதில்லை.
எதிர் மலையில் நிற்கும் வாலியா ஆட்டை
கொம்பு வளைவோடு சொல்லிவிடுவார்.

நான்காம் நாள்.

இந்த இடத்தில்தான் இரண்டு வரைவைக் கிழித்தேன்.
உங்கள் வரைபடத்தில் கீச் என்றொரு ஊர் இருக்கும்.
வரைபடம் பழசு.
விலங்குகள் பெருக வேண்டும் என்று
ஊரைக் கீழே தேபார்க்குக்கு இறக்கிவிட்டார்கள்.
புல் நன்றாக வளர்ந்திருக்கிறது.
ஓநாய்க்கும் அது நல்லதாம், ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.
கூடாரத்துக்கு அடானேதான் எப்போதும் இடம் பார்ப்பார்:
கல்லே இல்லாத, வட்டமான, மட்டமான தரை.
இயற்கையாகவே இப்படியா என்று
விருந்தினர்கள் வியப்பார்கள்.
அது அவர் பார்லி அடித்த களம்.
பதினொரு வருடமாக
யாரிடமும் நான் சொன்னதில்லை, அவரும்தான்.
'இங்கே காற்று குறைவு' என்பார்,
முளையை அறைந்தபடி.
காற்று அங்கே குறைவே இல்லை.

ஓநாய்க்கு விலை போடவில்லை.
நான் பார்த்தது ஒரே ஒரு முறை,
உப்பை மறந்து வந்த சமையல்காரனை
வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தபோது.
செங்கல் நிறத்தில், வாயில் எலியோடு,
எங்கள் இருவருக்கும் நடுவே
வேறு வேலையிருப்பதுபோல் போயிற்று.
அதன்பிறகு எப்படித் திட்டுவது?

முன்பணம் பாதி. உறைபனி உண்டு, நல்ல காலுறை.
இன்னொன்று, முடிந்தால்:
படிக்கும் கண்ணாடி, பவர் இரண்டு.
அடானேவுக்கு.
இரண்டு மலை தள்ளி நிற்பது தெரிகிறது,
கையிலிருக்கும் எழுத்து தெரியவில்லை.
வருகிறவர்களின் வரைபடத்தை
ஒவ்வொரு முறையும் வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து,
ஓர் இடத்தில் விரல் வைத்து
'இங்கே என்ன போட்டிருக்கிறது?' என்கிறார்.

மின்சாரம் வந்துவிட்டது.
மொத்தத் தொகையை
மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன்.

ஸெனேபெச்