வராத காரணம்

நீதிமன்றத்திலிருந்து மண்ணிறக் கடிதவுறை ஒன்று.
நுனிவிரலால் பிடித்து வந்து
என் மேசையில் வைத்தார் அதிபர்,
செத்த நண்டை வைப்பதுபோல.
"உம்மட வகுப்புப் பெடியன்தான்."

பத்து சி. இடாப்பில் பத்தொன்பதாம் இலக்கம்.
பவிஷன்.
திருக்கடலூர்க் கரையில் ஏற்றிக் கிடந்த படகின்
எஞ்சின் விசிறியைக் கழற்றி
பழைய இரும்புக் கடையில் நிறுத்து விற்றவன்.
ஒன்றரைக் கிலோ.

உத்தரவு இது:
மறியல் இல்லை, பள்ளிக்கூடம்.
ஒரு வருடம், நாள்தோறும்,
வகுப்பாசிரியர் ஒப்பம்.

"அப்ப இது என்ன, மறியல் வீடோ?"
என்றது விஞ்ஞானம்.
"பேரை வெட்டி விடுங்கோ" என்றது வர்த்தகம்.
நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை
கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்தா
நன்னடத்தை உத்தியோகத்தர் றிஸ்வியா.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
பெடியனைக் கேட்கவில்லை,
போன வருச இடாப்பைக் கேட்டா.

வெளியே ஒரு மான்
அதிபரின் பூஞ்சாடியை மேய்ந்துகொண்டிருந்தது.
யாரும் கலைக்கவில்லை.

வைகாசியில் பதினொன்று.
ஆனியில் பதினாலு.
ஆடியில் பதினாறு.
சிவப்பு மையில் பூச்சியங்கள்,
ஒவ்வொரு பக்க அடியிலும் என் ஒப்பம்,
வடிவான ஒப்பம்.

கச்சான் வீசும் மாதங்கள்.
கரைவலை இழுக்கிற மாதங்கள்.
நான் புவியியல் படிப்பிக்கிறவன்.
பருவக்காற்றுக்குக் கரும்பலகையில்
அம்புக்குறி போட்டவன்.

அவ ஒன்றும் சொல்லவில்லை.
படிவத்தின் கடைசி நிரலை மட்டும் தொட்டா.
"வராத காரணம்.
இதை அவரிட்டக் கேட்டு எழுதோணும் சேர்.
நீங்களா நினைச்சு எழுதப்படாது."

செவ்வாய், இரண்டாம் பாடம் முடிகிற நேரம்
வாசலில் வந்து நின்றான்.
ஈரத் தலை. முழங்கைக்குக் கீழே
இரண்டு மூன்று செதில் மினுங்கியது.
ஆரோ மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள்.

பழைய வாய் ஏசத் திறந்தது.
பேனை மூடியையும் திறந்துவிட்டேன்.
"சொல்லு, எழுதுறன்."

நெடுநேரம் தரையைப் பார்த்தான்.
"வலை பாரம் சேர்."

அப்படியே எழுதினேன்.
நீதவான் இதை ஏற்பாரோ, தெரியாது.
"உடல்நலக் குறைவு" என்று எழுதியிருந்தால்
எல்லோருக்கும் சுகம்.

அடுத்த வெள்ளி
அந்த இரண்டு சொல்லையும் வாசித்துவிட்டு
றிஸ்வியா பென்சிலை எடுத்தா.
"ஆர்ட வலை, தம்பி?"

அவன் முதலில்
என்னைப் பார்த்தான்.