படிவத்தில் ஆறு வரி

பணம் இருந்தது.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
மஞ்சக்குப்பம் தபாலாபீஸில்
மாதம் ஆயிரம், பதினான்கு வருடம்.
தானே புயலில் ஓடு பறந்தபோது ஒருமுறை,
மகனின் கல்லூரிக்கு ஒருமுறை
அடிவரை துடைத்தெடுத்தும்
கிணறு மாதிரி ஊறிக்கொண்டுதான் இருந்தது.
ஊறாமல் கிடந்தது நான்.

பாலைவனம் பார்க்கணும், ஜெய்சால்மர் போகணும் என்றேன்.
"மணல் பார்க்கவா?
தேவனாம்பட்டினத்துல இல்லாத மணலா?"
மைத்துனர் சிரித்தார்.
சிரித்து முடித்துக் கேட்டார்: "யார்கூட?"

லேபில் பக்கத்து மேசைப் புனிதவதி கேட்டாள், யார்கூட.
மாடிவீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.
எவ்வளவு ஆகும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பைசா சுத்தமாய்ச் சொல்லியிருப்பேன்,
ஸ்லீப்பர் இவ்வளவு, அறை இவ்வளவு,
ஒட்டகத்துக்கு இவ்வளவு, பேரம் பேசினால் குறையும்.
யார்கூட என்பதற்குத்தான்
என் கணக்கு நோட்டில் பக்கம் இல்லை.

நாற்பத்தொன்பது வயதில்
ஒரு ரயில் டிக்கெட்டை நான் கையில் பிடித்ததில்லை.
அப்பாவின் சட்டைப்பை.
அண்ணனின் சட்டைப்பை.
அவர் போகும்வரை அவருடையது.
நான் பிடித்திருந்தது சாப்பாட்டுக் கூடையை,
தண்ணீர்க் கேனை, தூங்கிவிட்ட பிள்ளையை.

போன ஆடியில் ரத்தம் கொடுக்க வந்தான் ஒரு பையன்,
முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன்.
பேர் துரியோதன் பெஹெரா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவனும் சிரித்தான், பழகிய சிரிப்பு.
பாலேஸ்வரிலிருந்து முந்நூறு ரூபாயோடு ஏறினானாம்.
பாதி இந்தியில் சொன்னான், மீதி விரல்களில்.
கடலூர் என்ற பெயரே
ரயிலில்தான் முதலில் காதில் விழுந்ததாம்.
ஊசியை எடுத்ததும்
கண்ணை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நடுங்கும் கையில் நரம்பைத் தேடினேன்.
பயமில்லாதவன் இல்லை இவன்.

அவன் வந்தது வயிற்றுக்காக, நான் போவது ஆசைக்காக.
இரண்டையும் ஒரே தராசில் வைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.
இருந்தாலும் அந்த நரம்பு
விரல்நுனியை விட்டுப் போகவில்லை.

மறுநாளே கிளம்பினேன் என்றால் பொய்.
தை பிறந்துவிட்டது.
ஷேர் ஆட்டோவில் கெடிலம் பாலம் தாண்டித்
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், முன்பதிவு கவுன்ட்டர்.
படிவத்தில் ஆறு வரி.
எப்போதும் நான் இரண்டாவது வரியில்
வேறொருவர் கையெழுத்தில் இருப்பேன்.
முதல் வரியில் எழுதினேன்:
செங்கமலம், பெண், 49.
கீழே ஐந்து வரி காலி.
அதற்கு உவமை தேடினேன். கிடைக்கவில்லை.
வெறும் ஐந்து வரி.

"எத்தனை பேர்?"
பணத்தை உடனே தள்ளிவிட்டேன்,
ஐந்நூறு ஐந்நூறாய் வழுக்கிக்கொண்டு போனது.
"ஒண்ணு" என்ற சொல்தான்
சங்கரா மீன் முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
பின்னால் யாரோ செருமினார்.
"எத்தனைம்மா?"
ஒரு விரலைக் காட்டினேன்.

விழுப்புரம் பாசஞ்சர்
நெல்லிக்குப்பத்தில் நிற்கிறது.
சர்க்கரை ஆலையின் இனிப்பும் புளிப்பும்.
இறங்கிவிட இன்னும் நேரமிருக்கிறது,
பஸ் பிடித்தால் அரைமணியில் வீடு.
உள்ளங்கை வியர்வையில்
டிக்கெட்டின் ஓரம் நைந்துவிட்டது.
முழங்கால் நடுக்கத்தைக் கைப்பையால் மூடியிருக்கிறேன்.

எதிர் சீட்டில் கடலைமிட்டாய் கடிக்கும் சிறுமி
"எங்க போறீங்க?" என்கிறாள்.
யார்கூட என்று கேட்காத முதல் ஆள்.
"மணல் பார்க்க."
பரிதாபமாய் ஒரு பார்வை.
பிசுக்கு விரலை நீட்டி
வந்த வழியைக் காட்டுகிறாள்,
"பீச் அந்தப் பக்கம்."

வண்டி இந்தப் பக்கம் நகர்கிறது.