இரண்டே கால் மணி நேரம்

மேலப்பாளையத்தில் இரவு பதினொன்றே காலுக்கு
பெட்டிகளை ஏற்றி டிக்கியை அடைத்துவிட்டு
வண்டியை எடுக்கும்போது
செய்யதலி பாத்திமா எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"அண்ணே, ஒங்க வண்டிக் கடிகாரம்
எட்டே முக்காலுன்னு காட்டுது."
மாத்தணும்மா, என்றேன்.
எல்லாச் சவாரியிலும் அப்படித்தான் சொல்வது.

நாங்குநேரி சுங்கச்சாவடி வெளிச்சத்தில்
பின்சீட்டில் டிக்கெட்டை விரித்தான் பையன்.
ரிபாய், நாலாம் வகுப்பு, கணக்கில் புலி.
"திருவனந்தபுரத்துல அஞ்சு நாப்பதுக்கு ஏறுதோம்.
தம்மாம்ல ஏழு அம்பத்தஞ்சுக்கு எறங்குதோம்.
ரெண்டே கால் மணி நேரந்தாம்மா!"

ஏர்போர்ட்டுக்குப் போகவே மூன்றரை மணி நேரம் ஆகும்
என்று நான்தான் சொல்லியிருந்தேன்.
அவள் எதுவும் பேசவில்லை.
ஆறு வருசமாக இந்த ரெண்டே காலையா
தாண்ட முடியாமல் கிடந்தோம் என்பதுபோல
வள்ளியூர் விலக்குவரை
கண்ணாடிக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு நான் விளக்கினேன்.
நேர்கோட்டில் அளந்தால் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், முன்னே பின்னே.
(நேர்கோடு என்பது ரோடு ஓட்டாதவன் பேச்சு.)
வானத்தில் நாலே முக்கால் மணி நேரம் இருக்கணும்.
அங்கே பொழுது நமக்குப் பின்னால்தான் விடியும்,
அதனால் கடிகாரத்தில் மட்டும்
இரண்டரை மணி உங்களுக்குத் தள்ளுபடி.

"சும்மாவா?"
சும்மா இல்லை. திரும்பி வரும்போது
அந்த இரண்டரையையும் பிடித்துக்கொள்வான்.

ரிபாய் யோசித்தான்.
ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்து அணைந்து எரிந்தன.
"அப்போ திரும்பி வராதவங்களுக்கு அது லாபமா?"

ஒரு லாரியை முந்த வேண்டியிருந்தது.

எங்கள் தளவாய் அண்ணன்
பதினோரு வருசத்துக்கு முன்னால் இதே ரோட்டில்
வேறொருத்தர் வண்டியில், முன்சீட்டில் போனான்.
ரெண்டு வருசம் பணம் வந்தது.
அப்புறம் நம்பர் மாறியது.
அல் ஹசா பக்கம் ஒரு பேரீச்சந் தோப்பில்
பார்த்ததாகப் பேட்டைக்காரர் ஒருத்தர் சொன்னார்.
தாடி வைத்திருந்ததால் நிச்சயமில்லை என்றும்
அவரே சொன்னார்.

"ஒங்க டீச்சர்கிட்ட கேளு" என்றேன்.
மார்த்தாண்டம் வருமுன்னே தூங்கிப்போனான்.

ஏர்போர்ட் வாசல் தராசில் பெட்டி ரெண்டு கிலோ கூடுதல்.
நார்த்தங்காய் ஊறுகாயை விடுவதா,
வெங்காய வடகத்தை விடுவதா என்று
நடைபாதையிலேயே உட்கார்ந்து தவித்தாள்.
கடைசியில் வடகப் பொட்டலத்தை
என் முன்சீட்டில் வைத்து,
"பொரிச்சிச் சாப்பிடுங்க" என்றாள்.

திரும்பும் காலி வண்டிக்கும் அதே நூற்றைம்பது கிலோமீட்டர்.
டீசல் மட்டும் என் கணக்கு.
காவல்கிணறில் ஒரு டீ.
வீடு வந்து, குளித்து, இட்லி தின்று,
பாளையங்கால்வாய்க் கரையில் வண்டியைக் கழுவி
மிதியடிகளை உதறிக் காயப்போடும்போதும்
அவர்கள் கடலுக்கு மேலேயே இருந்தார்கள்.

பத்தரைக்குச் செய்தி வந்தது.
"எறங்கிட்டோம் அண்ணே.
இங்கெ இப்பதான் எட்டு ஆகுது."

ஈரக் கையோடு குனிந்து
வண்டிக்குள் மணி பார்த்தேன்.
எட்டு.
சரியாகத்தான் ஓடுகிறது.

முன்சீட்டில் வடகம்,
பொட்டலம் பிரிக்காமல்.