கழித்தல்

தென்காசி சாலையில் கல் லாரிகள் ஓய
இரவு பதினொன்றரை ஆகிவிடும்.
அதுவரை ஒவ்வொரு லாரிக்கும்
நிறமாலையின் அடிக்கோடு ஒருமுறை நடுங்கும்.
ஆனி என்றால் காற்றும் சேர்ந்துகொள்ளும்.
ஆலங்குளத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
அபிஷேகப்பட்டி வந்து
எங்கள் ஆய்வகத்து ஜன்னலைப் பிடித்து உலுக்கும்.

வாட்ச், சாவி, பர்ஸ், கொண்டை ஊசி
எல்லாம் வாசலில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்.
கம்மல் தங்கம், அது வரலாம்.

தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது.
அதற்கு மூன்றடி தள்ளியே நாற்காலி போடுவார்
வாட்ச்மேன் மரியசவரி.
போன வருஷம் ஹைகிரவுண்டில்
அவர் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள்.
உள்ளே இருக்கும் காந்தம்
பூமியைப்போல் இரண்டு லட்சம் மடங்கு என்று
நான்தான் சொல்லித் தொலைத்தேன்.
அன்றிலிருந்து கருப்பட்டிக் காப்பியை
பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தரையில் வைத்து,
விளக்குமாற்றுக் கட்டையால் என் பக்கம் தள்ளிவிடுகிறார்.
பாதி சிந்தும்.

குழாய் பென்சிலைவிட ஒல்லி.
அதில் அரை மில்லி கனநீர்.
தாமிரபரணித் தண்ணீர் என்றால் அதன் ஹைட்ரஜன்
மற்றவர்களைப் பேசவிடாமல் கத்தும்.
இது வாய் திறக்காத தண்ணீர்.
அதற்குள் ஏற்பி:
கசப்பு வந்தால் நாக்குக்குச் சொல்கிற புரதம்.
எட்டு மாதம், மூன்று தோல்வி,
கொழுப்புச் சவ்வில் பொதிந்து எடுத்தது.
ஏற்பி ஒன்றுக்கு நூறு பேர் வீதம்
சிறியாநங்கையின் கசப்பு.
செடி விடுதிக்குப் பின்னால்
சாக்கடை ஓரம் பறித்தது.

முதல் அளவில்
புரதத்தை மட்டும் ரேடியோ அலையால் அடிக்க வேண்டும்.
இரண்டு விநாடி, விடாமல்.
ஒரு மூலையில் தொடங்கிய களைப்பு
தெருவில் இழவுச் செய்தி போல
புரதம் முழுக்கப் பரவிவிடும்.
அந்நேரம் அதன் மடியில் வந்து உட்கார்ந்தவர்
எழுந்து போகும்போது
களைப்பையும் எடுத்துக்கொண்டு போவார்.

இரண்டாம் அளவில்
அதே அலை, யாருமே இல்லாத இடத்தில்.

ஒன்றிலிருந்து மற்றதைக் கழி.
தொடாதவர் எல்லாம் பூஜ்யம்.

மூன்று மணிக்குத் திரையில்
நெருஞ்சி முள் அளவுக்கு நாலு கோடுகள் நின்றன.
வளையம் இருக்கிற முனை நன்றாக அண்டியிருக்கிறது;
மறுமுனை வாசலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு.

"என்னம்மா தெரியுது?"
"தொட்டிருக்கு."
"தொட்டு?"
"போயிட்டு. விநாடிக்கு ஆயிரம் தடவை
வருது, போகுது."
"போவாம அங்கனயே இருந்துக்கிட்டா?"
"இந்த முறையில தெரியாது.
ரொம்ப ஒட்டிக்கிட்டதை இது காட்டாது."

மரியசவரி சட்டைக்கு மேலாகவே
அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.
"அப்பம் உங்க மெஷினு
விருந்தாளியத்தான் எண்ணும்.
வீட்டுக்காரன எண்ணாது."
சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

நான் நோட்டில்
'வலுவான பிணைப்புக்கு வேறு முறை தேவை'
என்று எழுதினேன்.
அதன் கீழே, புரதம் இல்லாத குழாயை வைத்து
மறுபடி ஒருமுறை ஓட்ட வேண்டும் என்றும்.
ஓட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை.
நாலு கோடும் உண்மைதான்.

விடிந்து, டப்பாவிலிருந்து எல்லாம் எடுத்து மாட்டி,
விடுதிப் பக்கமாகச் சுற்றிப் போனேன்.
எட்டு மாதமாக அரைத்திருக்கிறேன், வடித்திருக்கிறேன்,
நிறுத்திருக்கிறேன்;
வாயில் வைத்ததில்லை.
ஒரு இலையைக் கிள்ளி மென்றேன்.

முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம்.
தங்கும் நேரம்: விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு
என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
சுத்தமல்லி போயிற்று.
பேட்டையும் போயிற்று.
டவுன் வளைவில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது
வாயைத் திறக்க முடியாமல்
சில்லறையை மட்டும் நீட்டினேன்.